பல் டாக்டரின் கருநாக்கு

ஆர்லன் டிட்மர் பல் டாக்டராக இருந்தவரை எங்கள் ஊரில் அவரை எதிர்த்துப் பேசியவர் ஒருவர்கூடக் கிடையாது. எப்படிப் பேச முடியும்? எல்லார் வாயிலும் பஞ்சு. நான் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வேலை செய்வார். மழை வருமா, மக்காச்சோளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது, நேற்று நம் பையன்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒன்று விடாமல் பேசுவார். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்கள் "ஆ", "ஊ" என்பார்கள். அதையெல்லாம் ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு மனுஷனை இப்படி வருஷக்கணக்காகப் பேச விட்டால் அவர் ரேடியோவுக்குப் போகாமல் வேறு எங்கே போவார்?

என் பெயர் வெர்லா கூன்ஸ். கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்களுக்கு நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரின் கதையை எல்லாரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதால் கூடவே இருந்த நான் சொல்வதுதான் நியாயம்.

அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். துண்டை நீட்டினேன். துடைத்துக்கொண்டே, ஆஸ்பத்திரியை டி மாய்ன் நகரத்திலிருந்து வரும் ஓர் இளம் டாக்டருக்கு விற்கப் போவதாகவும், வசந்தத்திலிருந்து கொக்குகளின் ஆட்டங்களை ரேடியோவில் வர்ணிக்கப் போவதாகவும் சொன்னார். கொக்குகள் என்பது எங்கள் ஊர் பேஸ்பால் அணி. இருக்கிற லீக்குகளிலேயே அடிமட்டத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற அணி. ஆற்றங்கரையில் மைதானம் என்பதால் அந்தப் பெயர். இத்தனை நாள் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த கிழவர் மகளோடு இருக்க அரிசோனா போய்விட்டார். அந்த இடம் காலி.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

"டாக்டர், உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயசு. புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"பல்லு போதும் வெர்லா. தினம் ஐம்பது பேர் நான் உள்ள வர்றதைப் பார்த்தாலே பயப்படுறாங்க. ஒரு தடவையாவது என் குரலைக் கேட்டா ஜனங்க சந்தோஷப்படணும்."

துண்டை வாங்கிக் கூடையில் வீசினேன். கொஞ்சம் வேகமாகவே வீசினேன்.

அவர் மனைவி ஜோலீன் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்குக் கத்திப் பேசிப் பழக்கமே இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு சீசன். அது முடியறப்பவும் உங்க மூஞ்சியில இந்தச் சிரிப்பு இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றாளாம். அவள் கத்தியிருந்தால்கூட டாக்டர் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. எங்கள் ரேடியோ நிலையத்துக்குக் கொக்குகள் மேல் தனியாகப் பாசம் ஒன்றும் கிடையாது. பன்றித் தீவனக் கடை வைத்திருக்கும் வெர்ஜில் ஸ்டம்ஃப் விளம்பரம் கொடுப்பதால்தான் ஆட்டம் ஒலிபரப்பாகிறது. அவர் நிறுத்தினால் அந்த நேரத்துக்குப் பாட்டுத்தட்டு சுழலும், அவ்வளவுதான். வெர்ஜிலும் டாக்டரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒரு கிறிஸ்துமஸ் காலையில் வெர்ஜிலுக்குத் தாடை வீங்கிக் கண் பிதுங்கியபோது, டாக்டர் வான்கோழியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து பல்லைப் பிடுங்கினார். அந்த நன்றிக்காக, டாக்டரே பேசட்டும் என்று வெர்ஜில் தலையாட்டினார். ஆனால் தலையாட்டும்போதே, "நீ சொதப்பினா நான் பார்த்துக்கிட்டு இருக்கமாட்டேன்டா ஆர்லன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆக, டாக்டரின் புது வேலை வெர்ஜிலின் கையில் இருந்தது.

புதிதாக வந்த பல் டாக்டர் தனக்கு உதவியாக யாரையோ கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வேலை போயிற்று. டாக்டர் வீட்டுக்கே வந்து, வர்ணனைக் கூண்டில் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார். நாலு வார்த்தை நன்றாகத் திட்டலாம் என்றுதான் முதல் நாள் போனேன். திட்டவும் செய்தேன். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூண்டு என்று சொன்னேனே, அது பார்வையாளர் பலகைகளுக்கு மேலே தகரம் அடித்த ஒரு பெட்டி. மூலையில் குளவிக் கூடு. வெயிலில் உட்கார்ந்தால் நாமே வெந்துவிடுவோம். அதற்குள் டாக்டர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முதல் வாரம் முழுக்கச் சொதப்பினார். பந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்து ரசித்துக்கொண்டே சொல்ல மறந்துவிடுவார். ரேடியோவில் பத்து வினாடி அமைதி என்றால் செத்த வீடு மாதிரி இருக்கும். நான் பென்சிலால் குத்துவேன். எதிரணிக்காரன் அடிக்கத் தெரியாமல் மூன்று பந்தைக் கோட்டைவிட்டு வெளியேறியபோது, பழக்கதோஷத்தில் "பிடுங்கியாச்சு" என்றார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் மறுநாள் மைதானத்தில் ஆறேழு பேர் அதைச் சொல்லிக் கத்தினார்கள். அடுத்த வாரம் மைதானமே கத்தியது. ஹோட்டலில், முடிவெட்டும் கடையில், சர்ச் வாசலில் என்று எங்கே பார்த்தாலும் "பிடுங்கியாச்சு".

இந்த மாதிரிச் சின்ன அணியில் ரேடியோக்காரர் ரேடியோ வேலை மட்டும் பார்த்தால் போதாது. மழை வந்தால் மைதானத்தை மூடுகிற பெரிய தார்ப்பாயை எல்லாரும் ஓடிப்போய் இழுக்க வேண்டும். ஒரு நாள் திடீர் மழை. டாக்டர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு டை பறக்க ஓடினார். நான் பன்றித் தீவன விளம்பரத்தை இரண்டு தடவை வாசித்தேன். மழை நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் என் நாத்தனார் செய்யும் ஆப்பிள் பை பலகாரத்தில் சர்க்கரை போதாது என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசினேன். கீழே டாக்டர் தார்ப்பாயோடு வழுக்கி விழுந்து முட்டி வரை சேறாகி வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் ஒரு நாளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் என் கோபம் பாதி இறங்கியது. நாத்தனார் கோபம் இன்னும் இறங்கவில்லை.

டாக்டரிடம் ஒரு குணம் உண்டு. ஊசி போடும் முன் சொல்லாமல் போடமாட்டார். "இப்போ சுருக்குனு இருக்கும், அப்புறம் மரத்துடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். குழந்தையாக இருந்தாலும் சரி, எண்பது வயதுக் கிழவராக இருந்தாலும் சரி, பொய் சொல்லமாட்டார். அதே வழக்கம் ரேடியோவிலும் வந்துவிட்டது. "இவன் அடிச்சா பந்து இடது பக்கம்தான் போகும், தயாரா இருங்க" என்பார். சில சமயம் அப்படியே போய்விடும். எதிரணி ஓட்டம் எடுத்துவிடும். வெர்ஜில் கீழே உட்கார்ந்தபடி கூண்டைப் பார்த்து, "வாயை வச்சுட்டியா கருநாக்குக்காரா" என்று கத்துவார். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். அது விளையாட்டாக இருந்த காலம்.

இனி ரைமர் பௌலினோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொமினிக்கன் நாட்டுப் பையன், இருபது வயது. எங்கள் அணியில் பந்து வீசுகிறவன். வெளியூர் ஆட்டக்காரர்களை ஊரில் உள்ளவர்கள் ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். எனக்கு வந்து சேர்ந்தவன் ரைமர். மாடி அறையைக் கொடுத்தேன். நான் வடித்த சோற்றை முதல் நாள் மரியாதைக்குச் சாப்பிட்டான். இரண்டாம் நாள் என்னை மெதுவாக நகர்த்திவிட்டு அவனே வடித்தான். என்னை "வெர்லாம்மா" என்பான். எங்கள் பாஷை அவனுக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் நான் பேசுவேன், அவன் தலையாட்டுவான். டாக்டருக்கு நோயாளிகள் போல எனக்கு இவன் கிடைத்தான் என்று ஜோலீன் கிண்டல் செய்வாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அது நடந்தது. மைதானம் நிறைந்திருந்தது. ரைமர் வீசினான். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மாறி மாறி அடிக்கும். முதல் இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. நாலாவது முடிந்தபோது என் கணக்குத் தாளைப் பார்த்தேன். எதிரணி வரிசை முழுக்கச் சுத்தமாக இருந்தது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருத்தன் ஒன்பது இன்னிங்ஸும் வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட் கூட, அதாவது அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தைப் பிடிக்கிற அடி ஒன்றுகூட, கொடுக்காமல் முடிப்பது அவன் ஆயுளில் ஒரு தடவை கிடைத்தால் பெரிது. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் போச்சு, அடுத்த பந்தே ஹிட் விழும். சின்னக் குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் இது தெரியும். பெஞ்சில் அந்தப் பந்து வீசுகிறவன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். கண்ணைக்கூடப் பார்க்கமாட்டார்கள். தீண்டினால் கலைந்துவிடும் என்கிற மாதிரி அவனைத் தனியாக விட்டுவிடுவார்கள்.

ஐந்தாவதுக்குப் பிறகு கூட்டத்தில் சலசலப்பே அடங்கிவிட்டது. டாக்டரும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். "பையன் இன்னிக்கு நல்லா வீசுறான்", "ஸ்கோர் பலகையைப் பார்க்கவே அழகா இருக்கு" என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். அவர் ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் என் உயிர் போய்ப் போய் வந்தது. மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினேன்.

எட்டாவதையும் ரைமர் சுத்தமாக முடித்தான். இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ். இப்போது நம் பையன்கள் அடிக்க வேண்டிய முறை. இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தோம். விளம்பரம் போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெர்லா, இப்போதான் வண்டியில ஏறி ரேடியோவைத் திருப்பினவனுக்கு இங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா செத்தா போயிடுவான்? வாயை மூடிக்கிட்டு இருங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலையாட்டினார். விளம்பரம் முடிந்தது. அவர் பெஞ்சுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பெஞ்சின் ஒரு கோடியில் ரைமர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் மறு கோடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வண்டி போகிற இடம் காலி. அவன் எழுந்து சட்டை மாற்ற உடைமாற்றும் அறைக்குள் போனான். வழியில் இருந்தவர்கள் அவனைத் தொடாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டாக்டர் மைக்கை இழுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கிள்ளினேன். பலிக்கவில்லை.

"நேயர்களே, இப்போதான் வந்தவங்களுக்குச் சொல்றேன். ரைமர் பௌலினோ இதுவரைக்கும் ஒரு ஹிட் கூடக் கொடுக்கல. எட்டு இன்னிங்ஸ் ஆச்சு, ஒண்ணுகூட இல்ல. இருபது வயசுப் பையன், வீட்டை விட்டு ரொம்பத் தூரம் வந்திருக்கான். இப்போ தனியா எந்திரிச்சு உள்ள போறான். இப்படி ஒரு காரியம் பண்றவனைப் பத்தி யாராவது ஒருத்தர் பேச வேண்டாமா?"

எங்கள் ஊரில் ஆட்டம் பார்க்க வருபவர்கள் பாதிப்பேர் கையோடு சின்ன ரேடியோவும் கொண்டுவருவார்கள். கண்ணால் பார்த்தாலும் காதால் கேட்டால்தான் நம்புவார்கள். காதில் ரேடியோ வைத்திருந்த அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பிக் கூண்டைப் பார்த்தது. கீழே வெர்ஜில் எழுந்து நின்றார். கையில் இருந்த கடலைப் பொட்டலம் அப்படியே நழுவியது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ரைமர் வந்தான். முதல் பந்து. எதிரணியில் அடிக்கவே தெரியாத ஒரு நோஞ்சான் மட்டையை வெறுமனே நீட்டினான். பந்து தட்டுத் தடுமாறி, யாருக்கும் எட்டாத இடமாகத் தேடிப்போய் விழுந்தது. ஹிட்.

கொக்குகள் அன்று ஜெயித்தார்கள். அதை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? கூண்டின் தகரத்தில் கடலைத் தோல் மழை மாதிரி விழுந்தது. டாக்டர் அமைதியாக, "ஹிட். என்ன செய்யறது" என்றார். அந்த நேரத்தில் அவரை நான் கூண்டிலிருந்து தள்ளிவிட்டிருந்தால் ஊரே எனக்கு மாலை போட்டிருக்கும்.

மறுநாள் சர்ச்சில் போதகர் நாவடக்கத்துக்காக ஜெபம் பண்ணினார். எல்லார் கண்ணும் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் எல்லார் கண்ணும் டாக்டர் மேல். மத்தியானம் ஹோட்டலில் பரிமாறுகிற பெண் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் அவருக்குக் காபி ஊற்றினாள். அதற்கு அவரே சிரித்துவிட்டார். ஆனால் புது பல் டாக்டர் தெருவில் நிறுத்தி, வாரத்தில் இரண்டு நாள் கூடமாட உதவிக்கு வர முடியுமா என்று கரிசனமாகக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜோலீன் சாயந்திரம் எனக்குப் போன் செய்தாள். அவர் தோட்டத்தில் போய்ச் சும்மா நிற்கிறார், பேச்சே இல்லை என்றாள். அந்த மனுஷன் பேசாமல் இருக்கிறார் என்று கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் போய்ப் பயம் வந்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் போர்வீரர் சங்கக் கூடத்தில் கொக்குகளின் ஆதரவாளர்கள் மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். இரண்டு மூன்று ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கைதட்டுவார்கள். மறுநாள் அங்கே எல்லார் முன்னாலும் ஆர்லன் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் அன்றோடு நின்றுவிடும் என்று வெர்ஜில் சொல்லி அனுப்பியிருந்தார். நான் டாக்டர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், பல்லையா பிடுங்குகிறார்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டில் ரைமர் இரண்டு நாளாக மாடியை விட்டு இறங்கவில்லை. சோறு அப்படியே இருந்தது. பாவம், பையனுக்கு மனசு விட்டுப்போய்விட்டது, டாக்டர் மேல் கொலைவெறியில் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் இறங்கி வந்து, மத்தியானம் அங்கே என்ன நடக்கப் போகிறது என்று கேட்டான். சொன்னேன். டாக்டரை அனுப்பிவிடுவார்களா என்று கேட்டான். அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றேன். மாடிக்குப் போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, நானும் வருகிறேன் என்றான். எரிகிற வீட்டுக்கு இவன் வேறு எண்ணெய் கொண்டு போகிறானே என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கூடத்தில் வறுத்த கோழி, சோளக் கதிர், கேரட் போட்ட பச்சை ஜெல்லி எல்லாம் இருந்தன. ஆனால் பேச்சு இல்லை. ரைமரைப் பார்த்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கைதட்டல். முன்வரிசையில் ஆட்டக்காரர்களுக்கென்று போட்ட மேஜையில் அவன் உட்கார்ந்தான். அன்றைக்கு வர வேண்டிய மற்ற இரண்டு பேர் வரவில்லை. மேஜையில் அவன் மட்டும்தான். ஜோலீன் வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெர்ஜில் டாக்டரைப் பார்த்து, "ம், சொல்லுடா" என்றார்.

டாக்டர் எழுந்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"உங்களுக்கெல்லாம் வருத்தம்னு தெரியும். எனக்கும் வருத்தம்தான். மன்னிப்புக் கேக்கலாம்னுதான் வந்தேன், கேட்டுக்கறேன். ஆனா அடுத்த தடவை சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தா அது பொய்யாப் போயிடும். நான் சொல்லுவேன். நடக்கறதைச் சொல்லத்தான் என்னை அங்க உக்கார வச்சிருக்கீங்க."

என் கையில் இருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. வெர்ஜிலின் கழுத்து கீழேயிருந்து மேலே சிவந்துகொண்டே வந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தகரக் கூண்டும் குளவியும் அவர் பேச்சும் எனக்கு எவ்வளவு பிடித்துப் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ரைமர் எழுந்து நின்றான்.

"நான் பேசணும்" என்றான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினான். "சனிக்கிழமை, ஐஞ்சாவதுக்கு அப்புறம், யாரும் என்கிட்ட பேசல. பக்கத்துல யாரும் இல்ல. எனக்குத் தெரியும், இது வழக்கம். எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா எங்க ஊர்ல ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் வந்து பேசுவாங்க. இங்க..." வார்த்தை கிடைக்காமல் கையை விரித்தான். "இங்க ஆட்டம் இல்லாத நாளும் எனக்கு அப்படித்தான் இருக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"வெர்லாம்மா பேசுவாங்க" என்றான். "ரொம்பப் பேசுவாங்க."

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை.

"எட்டாவதுல சட்டை மாத்த உள்ள போனேன். அங்க ரேடியோ ஓடுது. இவர் என் பேரைச் சொல்றார். நான் செய்யறதைச் சொல்றார். நான் வீட்டை விட்டு ரொம்பத் தூரம்னு சொல்றார். அங்கேயே நின்னு கேட்டேன். சந்தோஷமா இருந்துச்சு. ரொம்ப சந்தோஷமா. அப்புறம் வெளிய வந்து மோசமா ஒரு பந்து போட்டேன். பந்தைப் போட்டது நான். இவர் இல்ல."

உட்கார்ந்துவிட்டான். கோழித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்ஜில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு ரைமரிடம், "ஞாயித்துக்கிழமையில நீ என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டார்.

"தூங்குவேன்."

"எங்க வீட்டுக்குச் சாப்பிட வா. என் பொண்டாட்டி நல்லாச் சமைப்பா. இந்த ஜெல்லி மாதிரி இருக்காது." பிறகு டாக்டர் பக்கம் திரும்பாமலே கேட்டார். "வெள்ளிக்கிழமை என் விளம்பரத்தை எப்போ வாசிப்பே?"

"மூணாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும்" என்றார் டாக்டர்.

"சத்தமா வாசி. போன வாரம் முணுமுணுத்தே."

ஆர்லன் டிட்மர் அந்த வெள்ளிக்கிழமை வாசித்தார். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் வாசித்துக்கொண்டிருந்தார். வெர்ஜில் செத்த பிறகு அவர் மகன் கொடுத்த விளம்பரத்தையும் அவரேதான் வாசித்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

வெர்ஜில் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ரைமரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவெட்டும் கடைக்காரர் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். பிறகு கூடம் முழுக்க நாற்காலி இழுபடுகிற சத்தம். ஆளாளுக்கு அவன் ஊரைப் பற்றி, அவன் அம்மாவைப் பற்றி, அங்கே மழை உண்டா, மாடு உண்டா என்று ஒரே சமயத்தில் கேட்டார்கள். பையனால் கோழியைக் கையில் எடுக்கக்கூட முடியவில்லை. பதில் சொல்லவும் நேரம் போதவில்லை. ஜோலீன் வாசலிலிருந்து வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நானும் தட்டை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போனேன். என் வீட்டில் தூங்கி என் வீட்டில் எழுந்திருக்கிற பையன், அவன் பக்கத்தில் எனக்கு உட்கார இடமில்லை. கொஞ்சம் நகரச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் நகரவில்லை. சரிதான் என்று சுவரில் சாய்ந்து, நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.